கொப்பியில் இருந்த மனிதர்

“இதை மட்டும் எழுதிப்போடாதேங்கோ, மிஸ்” என்று அந்த அக்கா கேட்டார். “ஓம் அக்கா, எழுதமாட்டன்” என்றேன். பிறகு என் அறைக்குப் போய், முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, அதை எழுதினேன்.

யாழ்ப்பாணத்தில், தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. எனக்கு இருபத்துநான்கு வயது. ஒரு சின்ன நிவாரண அமைப்பில் சமூகசேவை அலுவலராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஐந்து நாள் பயிற்சி தந்திருந்தார்கள். அதில் ஒரு பின்னேரம் முழுக்க இரகசியம் காப்பதைப் பற்றித்தான் வகுப்பு. உதவி கேட்டு வருகிறவர் சொல்வதெல்லாம் அவருக்கே சொந்தம், அவர் சம்மதிக்காமல் அதை வேறொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள். நான் முன்வரிசையில் இருந்து அதை வடிவான எழுத்தில் பார்த்து எழுதிக்கொண்டேன்.

என் பெற்றோர் பருத்தித்துறையில் இருந்தார்கள். நான் உரும்பிராயில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அங்கே ஒரு பாடசாலையில் குருநகர்க் கரையிலிருந்து ஷெல்லுக்குத் தப்பி வந்த குடும்பங்கள் இருந்தன. கடற்கரைச் சனம் செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் வந்து வகுப்பறைகளில் குடியிருந்தது. அந்த அக்காவும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஐந்தாம் வகுப்பறையின் ஒரு மூலையில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தார்கள். கரும்பலகையின் விளிம்பில் ஒரு மாதா படம். மூத்தவளுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஆறு. அக்காவுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். உயரமான, குறைவாகக் கதைக்கிற பெண்.

அவருடைய கணவர் கடலில் போய்விட்டார் என்றுதான் பதிவு. வள்ளம் வெறுமனே கரையொதுங்கியதாம். உடல் கிடைக்கவில்லை. கணவரை இழந்த பெண்களின் பட்டியலில் அவரைச் சேர்த்து, பால்மா, அரிசி, சீத்தைத் துணி எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கச் செய்திருந்தேன். அதோடு நிற்காமல், மரணச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பிறகு உதவும் என்று நானாக நினைத்து, படிவங்களை நிரப்பிக்கொண்டு போனேன். கோவில் சுவாமியாரிடம் கடிதம் வாங்க வேண்டும், ஆத்மா இளைப்பாறப் பூசை ஒன்று ஒப்புக்கொடுத்தால் அதையும் சாட்சியாகக் காட்டலாம் என்று உற்சாகமாகச் சொன்னேன்.

அக்கா படிவத்தைத் திருப்பித் தந்தார்.

“வேண்டாம், மிஸ்.”

“ஏன் அக்கா? பிள்ளையளின்ரை நன்மைக்குத்தானே.”

“வேண்டாம் எண்டால் விடுங்கோவன்.”

நான் விடவில்லை. அன்றைக்கு விட்டிருக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்க்கிறேன் என்றேன். கடைசியில் அவர் சேலை மறைப்பை இழுத்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“உயிரோடை இருக்கிற மனுசனுக்குச் செத்தவீட்டுப் பூசை ஒப்புக்குடுக்க ஏலுமோ? அது பாவம் எல்லே. அவர் சாகேல்லை.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஒருநாள் வள்ளம் இயந்திரம் பழுதாகி வெகுதூரம் இழுபட்டுப் போனது. நேவி பிடித்து, ஒரு பகல் வைத்திருந்து, விட்டுவிட்டது. உயிரோடு திரும்பி வந்ததுதான் குற்றமாகிவிட்டது. நேவிக்குத் தகவல் சொல்லாமல் எப்படி விட்டார்கள் என்று, அப்போது யாழ்ப்பாணத்தை வைத்திருந்தவர்களிடம் யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அந்த நாட்களில் விசாரணைக்குப் போகிறவர்களில் எல்லோரும் திரும்பி வருவதில்லை. கூப்பிட்டவர்களின் பெயரை அக்கா சொல்லவில்லை. ‘அவையள்’ என்றார். எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். அதுவே போதுமானதாக இருந்தது. குறித்த நாளுக்கு முதல்நாள் அவர் வள்ளத்தை வெறுமனே கடலில் விட்டுவிட்டு நீந்திக் கரையேறி, தொண்டைமானாற்றுக்குப் போய்விட்டார். அங்கே முருகன் கோவிலைச் சுற்றியிருந்த மடம் ஒன்றில் தண்ணீர் அள்ளி, விறகு கொத்திக்கொண்டு இருந்தார்.

“நெத்தி நிறையத் திருநீறு. ஆனால் தேவாரம் ஒரு வரி தெரியாது. வாயைத் திறந்தால் எங்கடை கரைப் பேச்சு வந்திடும். அதாலை ஊமை எண்டு இருக்கிறார். எட்டு மாசமா ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, மிஸ்.”

இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டாம் என்று கேட்டார்.

நான் ஏன் எழுதினேன் என்பதற்கு அந்தக் காலத்தில் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பதிவு சரியாக இருக்க வேண்டும், மாத அறிக்கையில் பிழை வரக்கூடாது என்பது அது. உண்மையான காரணம் பயம். கணவர் உயிரோடு இருக்கிற பெண்ணைத் தெரிந்துகொண்டே விதவைகள் பட்டியலில் வைத்திருந்தேன் என்று நாளைக்கு யாராவது என்னைக் கேட்டால்? நான் ஏமாற்றவில்லை, கேள்விப்பட்ட நாளிலேயே குறித்து வைத்திருக்கிறேன் என்று காட்ட ஒன்று வேண்டியிருந்தது. அவரைக் காப்பதற்கு எழுதவில்லை. என்னைக் காப்பதற்கு எழுதினேன். ‘கணவர் கடலில் இறக்கவில்லை. தொண்டைமானாற்றில், கோவிலடி மடத்தில் ஊமை போல் இருக்கிறார்.’ அவ்வளவுதான். குடும்ப விபரம் எழுதும் அந்தக் கொப்பியில், அதற்கு மேலே அக்காவின் முழுப்பெயர், கணவரின் முழுப்பெயர், பிள்ளைகளின் வயது.

இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருநெல்வேலியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். கோண்டாவில் தாண்டும்போது விமானச் சத்தம் கேட்டது. மெதுவாக வந்து குண்டுகளை உருட்டிவிடுகிற அந்தப் பெரிய விமானத்தை நாங்கள் சகடை என்போம். வீதியில் போனவர்கள் எல்லோரும் சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நானும் ஒரு வேலியோடு சைக்கிளைச் சாத்திவிட்டு, தெரியாத ஒரு வீட்டு வளவுக்குள் ஓடி அவர்களுடைய பங்கருக்குள் இறங்கினேன். உள்ளே ஏழெட்டுப் பேர். இரண்டு தரம் நிலம் அதிர்ந்தது. மண் கொட்டியது. சத்தம் தேய்ந்து போகும்வரை இருந்துவிட்டு மேலே வந்தேன்.

சைக்கிள் நின்றது. கரியரில் கட்டியிருந்த பை இல்லை.

பைக்குள் மதியச் சாப்பாடு, குடை, முதல்நாள் கிடைத்த ஒரு சவர்க்காரக் கட்டி, கொப்பி. அந்த நாளில் சவர்க்காரம் அவ்வளவு இலேசில் கிடைக்காது. எடுத்தவர் அதற்காகத்தான் எடுத்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். அடுத்த நிமிடம் கொப்பியின் நடுப்பக்கம் கண்ணுக்குள் வந்தது. என் எழுத்து, ஒவ்வொரு சொல்லாக. அந்த ஒழுங்கை முழுக்க நடந்தேன். வேலிக்குள், வாய்க்காலுக்குள், குப்பைக்குள் எல்லாம் பார்த்தேன். சந்திக் கடைக்காரரிடம் கேட்டேன். “பொம்பர் வந்த நேரத்திலை பையை ஆர் பாத்தது, பிள்ளை” என்றார்.

அலுவலகப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். ஐம்பது வயது தாண்டியவர், முன்பு அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்தவர். என்ன எழுதியிருந்தேன் என்பதைச் சொன்னதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

“உதை ஏன் எழுதினனீர்?”

அவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

“சரி. ஆருக்கும் சொல்லாதையும். எடுத்தவன் சோப்பை எடுத்துக்கொண்டு கொப்பியை அடுப்புக்குள்ளை போட்டிருப்பான்.”

“அந்த அக்காவுக்குச் சொல்ல வேணும், சேர்.”

“சொன்னால் அவ என்ன செய்வா? பதறி ஓடுவா. ஓடினால்தான் ஊருக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் ஒண்டும் நடவாது. இஞ்சை இன்னும் நானூறு குடும்பம் எங்களை நம்பியிருக்கு. எங்களைப் பூட்டிப்போட்டால் அவையளுக்கு ஆர்?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அதைப் பிடித்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பேசாமல் இருந்தேன். பாடசாலைப் பக்கம் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு அறையில் கிடந்தேன். வீட்டுக்கார அம்மா கொண்டுவந்து வைத்த இடியப்பம் அப்படியே காய்ந்தது. படலைக்கு வெளியே மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றேன். எனக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் முதலில் யோசித்தேன். அந்த மனிதரின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்கார அம்மா வந்து, “உம்மடை பை துலைஞ்சு போச்சாமே? கடையிலை கதைச்சினம்” என்றார். கதை உரும்பிராய்வரை வந்துவிட்டது. பை துலைந்த கதை வந்தால் பை கிடைத்தவரும் இருப்பார். சட்டையை மாற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போனேன்.

அக்கா கிணற்றடியில் துணி தோய்த்துக்கொண்டிருந்தார். மற்றப் பெண்கள் போகும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். அவர் கையில் இருந்த துணியைப் பிழிவதை நிறுத்தவில்லை.

“பேர் எழுதினனீங்களோ?”

“ஓம் அக்கா.”

“ஊர்?”

“ஓம்.”

“ஊமை எண்டதையும்?”

“ஓம்.”

துணியைக் கல்லில் வைத்தார். ஈரக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலை இழுத்துப் பழகிய கை, எலும்பு நொந்தது.

“எப்ப துலைஞ்சது?”

“செவ்வாய்க்கிழமை.”

“இண்டைக்கு வியாழன்.” அதை மட்டும் சொன்னார். மூன்று நாள் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது முடித்திருப்பேன். மணிக்கட்டை விட்டார். “நான் போக ஏலாது. இஞ்சையிருந்து ஒரு நாளும் வெளிக்கிடாத மனுசி வெளிக்கிட்டால் பாப்பினம். நீங்கள்தான் போகவேணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. கோவிலுக்குச் சனம் போகும்.”

“நானோ?”

“வேறை ஆர்?”

அவர் என்னை நம்பமாட்டார், யாரோ பொறி வைக்கிறார்கள் என்று நினைப்பார் என்றும் சொன்னார். அதற்காக ஒன்று சொல்லித் தந்தார். இளையவளுக்குக் காது குத்தியபோது வலது காது புண்ணாகி, கம்மலைக் கழற்றிவிட்டு, ஓட்டை தூர்ந்துபோனது. குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்திருந்தவர் அவர்தான். “வலது காது தூர்ந்துபோச்சு எண்டு சொல்லுங்கோ. விளங்கும்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெளிக்கிட்டேன். கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி என்று மிதித்தேன். அந்தப் பாதையில் முன்பும் போயிருக்கிறேன். அன்று ஒவ்வொரு மதகும் மரமும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பலாலிப் பக்கம் ஷெல் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில்தான்.

அச்சுவேலி தாண்டியதும் ஒரு காவலரணில் மறித்தார்கள். துவக்கோடு ஒரு பெண். என்னைவிட இளையவள்.

“எங்கை போறியள், அக்கா?”

“கோவிலுக்கு. நேர்த்தி.”

அவள் என் சைக்கிள் கூடையைப் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது.

“நேர்த்திக்குப் போறியள், ஒரு பூவும் இல்லை?”

நான் பூவைப் பற்றி யோசிக்கவே இல்லை. “அங்கை வாங்கலாம் எண்டு...” என்றேன். அவள் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள். உரும்பிராய் என்று உண்மையைச் சொன்னேன். போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

கோவிலில் நல்ல சனம். கும்பிட வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் கும்பிட்டேன். ஒவ்வொரு மடமாகப் பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவது மடத்தில் அன்னதானத்துக்குப் பந்தி வைத்திருந்தார்கள். வாளியில் பூசணிக்காய்க் கறியோடு ஒருவர் வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தார். கறுத்த, அகன்ற தோள். வெறும் மேலோடு வேட்டி மட்டும். நெற்றியில் மூன்று குறி. யாரோ, “ஊமையண்ணை, இஞ்சாலை கொஞ்சம்” என்று கூப்பிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு திரும்பினார். அந்தச் சிரிப்பு ஒரு பழக்கத்தில் வந்தது. கண்ணுக்கு அது ஏறவில்லை.

நான் பந்தியின் கடைசியில் இருந்தேன். பக்கத்தில் இருந்த இலை வெறுமை. அவர் என்னிடம் வந்து குனிந்தபோது, இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“சின்னவளின்ரை வலது காது தூர்ந்துபோச்சாம்.”

அகப்பை நின்றது. கறி என் இலையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“நீங்கள் இஞ்சை இருக்கிறதை ஒரு கொப்பியிலை எழுதினது. அந்தக் கொப்பி துலைஞ்சு போச்சு. அக்கா உடனை போகச் சொன்னவ.”

அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். பிறகு வாய் அசைந்தது. எட்டு மாதம் பாவிக்காத குரல், தொண்டையில் மண் இருந்தது போலக் கரகரத்தது.

“ஆர் எழுதினது?”

“நான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கண்ணில் கோபம் இருக்கவில்லை. என்னிடம் இருந்த அதே பயம்தான் இருந்தது. அதைப் பார்ப்பதுதான் கடினமாக இருந்தது. நிமிர்ந்து, அடுத்த பந்தியில் இன்னும் நாலைந்து பேருக்குக் கறி போட்டார். இரண்டு பேரின் இலைக்கு வெளியே ஊற்றிவிட்டார். பிறகு வாளியைத் தூணடியில் வைத்துவிட்டு, கை கழுவப் போகிறவர் போலப் பின்பக்கம் போனார். திரும்பி வரவில்லை. நான் இருந்து சாப்பிட வேண்டும், எழுந்து ஓடினால் பார்ப்பார்கள் என்று அக்கா சொல்லி விட்டிருந்தார். ஒவ்வொரு பிடியாக விழுங்கினேன்.

ஆறு நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, என் அறைப் படலையில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர்.

“அக்கா, ஒரு சின்ன விசாரணை. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ.”

சொந்தக்காரர் வெளிநாடு போய்விட்ட ஒரு பெரிய வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். மேசையில் என் கொப்பி. நனைந்து காய்ந்து ஊதியிருந்தது.

“வாய்க்காலுக்குள்ளை கிடந்ததெண்டு ஒராள் கொண்டந்து தந்தது. இது உங்கடை எழுத்தோ?”

“ஓம்.”

“நல்ல வடிவான எழுத்து” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசித்தார். எங்கும் தடக்குப்படவில்லை. யாருக்கும் விளங்கும்படி எழுதத்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள்.

“இவரை நாங்கள் கனநாளாத் தேடுறம். நேற்றுப் போய்ப் பாத்தம். ஊமை ஒராள் நிண்டதாம். போன வெள்ளிக்கிழமையிலையிருந்து காணேல்லையாம்.” கொப்பியை மூடினார். “போன வெள்ளிக்கிழமை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

காவலரணில் நின்ற பெண்ணின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. பொய் சொன்னால் அங்கேயே முடிந்தது.

“கோவிலுக்குப் போனனான். நேர்த்தி.”

“ஆரைச் சந்திச்சனீங்கள்?”

“ஒருத்தரையும் இல்லை. கும்பிட்டு, மடத்திலை சாப்பிட்டிட்டு வந்தனான்.”

அவர் கொப்பியை மறுபடியும் தன் பக்கம் இழுத்தார். என் வாய் தானாகத் திறந்தது. முதலே யோசித்து வைத்த பொய் இல்லை அது.

“அண்ணை, அந்த அக்காவுக்கு மனம் சரியில்லை. மனுசன் செத்ததை அவவாலை ஏற்க முடியேல்லை. இண்டைக்கு அங்கை நிக்கிறார், நாளைக்கு இஞ்சை நிக்கிறார் எண்டு சொல்லுவா. உப்பிடிச் சொல்லுற கனபேரை நாங்கள் பாத்திருக்கிறம். அவ சொன்னதை அப்பிடியே எழுதினனான்.”

“மனம் சரியில்லை எண்டு இதிலை எழுதேல்லையே.”

“சனம் விசரி எண்டு சொல்லும். அதெல்லாம் இரகசியம். கொப்பியிலை எழுதிறேல்லை.”

“அதை எழுதிறேல்லை. மனுசன் ஒளிச்சிருக்கிற இடத்தை எழுதுறீங்கள்.” அவர் சிரித்தார்.

இரண்டு மணி நேரம் ஒரு அறையில் இருக்க வைத்தார்கள். பிறகு கண்ணாடிக்காரரும் இன்னொருவரும் என்னை வாகனத்தில் ஏற்றிப் பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க, அக்கா ஒரு சொல் மாற்றிச் சொன்னால் என்ன நடக்கும் என்றுதான் யோசித்தேன். அவருக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்க எனக்கு வழி இருக்கவில்லை. அவரை நான் விசரி ஆக்கிவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது.

வகுப்பறை வாசலில் சனம் கூடிவிட்டது. அக்கா இளையவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். எனக்குப் பின்னால் நின்றவர்களையும் கண்டார். சீப்பு அப்படியே நின்றது. வந்தவர்களில் ஒருவர், வயது குறைந்தவர், கண்ணாடிக்காரரைவிடப் பொறுமையில்லாதவர், நேரே கேட்டுவிட்டார்.

“அம்மா, உங்களுக்கு மனம் சரியில்லை எண்டு இவ சொல்லுறா. செத்த மனுசன் இருக்கிறார் எண்டு சொல்லித் திரியிறியளாம். மெய்யோ?”

கண்ணாடிக்காரர் அவரைத் திரும்பி முறைத்தார். அதற்குள் அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். ஒரு கணம்தான்.

“ஆர் செத்தது?” என்றார். “அவர் நேற்றும் வந்தவர். உதிலைதான் நிண்டவர். உடுப்பெல்லாம் கடல்தண்ணி. துடையுங்கோ எண்டு துவாய் குடுத்தனான், வாங்கேல்லை. தொண்டைமானாற்றிலை நிண்டவர். பிறகு நயினாதீவுக்குப் போறன் எண்டவர். நீங்கள் கண்டனீங்களோ? கண்டால் வரச்சொல்லுங்கோ, தம்பி.”

மூத்தவள், “அம்மா!” என்று கத்தினாள். பிள்ளைக்கு எது மெய், எது பொய் என்று தெரியாது. அந்தக் குரலில் இருந்த பயம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். வாசலில் நின்ற ஒரு வயதான மனுசி, “பாவம், தம்பியவை, விடுங்கோ” என்று அழத் தொடங்கினார். கண்ணாடிக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் அக்காவின் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. கொப்பியை என் கையில் தராமல் கொண்டுபோய்விட்டார்.

அடுத்த நாளே பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். ஏசுவார் என்று நினைத்துப் போனேன். “அந்த மூண்டு நாளும் உம்மை மறிச்சது நான்தான்” என்றார். மேசையில் இருந்த எல்லாக் குடும்பக் கொப்பிகளையும் எடுத்து, என்னையும் கூட வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் பார்த்து, எழுதத் தேவையில்லாதவற்றை வெட்டிக் கிழித்தார். என்னுடையது ஒன்றுதான் இப்படி என்று நினைத்திருந்தேன். எத்தனை வீட்டுச் சங்கதிகளை நாங்கள் எழுதி வைத்திருந்தோம்!

பாடசாலையில் எல்லோரும் அக்காவை விசரி என்றே நம்பினார்கள். இரக்கத்தோடுதான். சாப்பாட்டுக்கு முதலில் விட்டார்கள். கிணற்றடியில் தனியாக விடமாட்டார்கள், விழுந்துவிடுவாராம். கிணற்றடியில் பிள்ளைகள் சண்டை பிடித்தால் மற்றப் பிள்ளைகள், “விசரியின்ரை பெட்டையள்” என்றார்கள். மூத்தவள் பள்ளிக்குப் போவதை விட்டாள். உண்மையைச் சொல்லி இதை நிறுத்தக் கூடிய ஒரே ஆள் நான். என்னால் அது முடியாது.

ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றே கதைத்தார்.

“மன்னிப்பெல்லாம் உங்கடை கடவுளிட்டைக் கேளுங்கோ. எனக்கு ஒரு உதவி செய்யிறதெண்டால் இஞ்சாலை வராதேங்கோ. நீங்கள் வந்து நிண்டால் சனம் பாக்குது.”

அந்தப் பாடசாலையை வேறொரு அலுவலரிடம் ஒப்படைத்தேன். நாலு மாதம் கழித்து அந்த மூலை வெறுமையாக இருப்பதாகச் சொன்னார்கள். சேலை மறைப்பைக்கூட அவிழ்க்காமல் போயிருந்தார்கள். தொண்ணூற்றுநாலில், குருநகரிலிருந்து வந்த ஒரு மீனவர் இந்தியாவில் இருக்கும் தன் தங்கையிடமிருந்து கடிதம் வந்ததாகச் சொன்னார். அங்கே அகதி முகாமில் அந்தக் குடும்பத்தையும் கண்டதாக எழுதியிருந்தாளாம். எத்தனை பேர் என்று கேட்டேன். “நாலு பேரும்” என்றார். நான் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

நல்லபடியாக முடிந்தது என்று இதை நிறுத்தலாம். ஆனால் அதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும்.

விசாரணை நடந்து ஒரு கிழமை இருக்கும். நீர்வேலியில் ஒரு தோட்டக்கார வீட்டுக்கு இடம்பெயர்ந்து வந்த ஒரு இளம் பெண்ணைப் பார்க்கப் போனேன். புதிதாகப் பதிந்த குடும்பம். மாமியார் வெளியே வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் அரிசிக் கார்ட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தாள். குரலைத் தணித்தாள்.

“மிஸ், உங்களிட்டை ஒண்டு சொல்ல வேணும்...”

எழுந்துவிட்டேன். “நேரம் போச்சு, பிறகு வாறன்” என்று சொல்லி, செருப்பைச் சரியாகப் போடாமலே வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். படலைவரை அவள் பின்னால் வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. மறுநாள் காலை முதல் வேலையாகப் போனேன். கொப்பி கொண்டுபோகவில்லை. வெறுங்கையைக் காட்டி, “நேற்று என்னவோ சொல்ல வந்தனீங்கள். நான் ஒண்டும் எழுதமாட்டன், சொல்லுங்கோ” என்றேன்.

அவள் கன்னத்தில், நேற்று இல்லாத ஒரு வீக்கம் இருந்தது. முந்தானையை இழுத்து அதை மூடினாள்.

“ஒண்டுமில்லை, மிஸ்” என்றாள். “அரிசிக் கார்ட்டைப் பற்றித்தான் கேக்க இருந்தனான்.”